மனிதரோடு விளையாடிய முதல் மெஷின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேஜை போட்டு உட்காருவேன். மேஜைமேல் ஒரு டப்பா புளியங்கொட்டை, கொஞ்சம் பாசிமணி, வரிசையாக ஒட்டிய தீப்பெட்டிகள். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அது மனிதரோடு எப்படி விளையாடியது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக இவ்வளவும். பிள்ளைகள் கேட்பதையும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் கேட்பதையும் இரண்டு வருடமாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருபவை இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

மனுஷனோட முதல்ல விளையாடின மெஷின் எது சார்?

எதை மெஷின் என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளே ஆள் யாரும் இல்லாமல், எதிரில் இருப்பவரின் காயைப் பார்த்துத் தன் காயைத் தானே நகர்த்திய முதல் கருவி என்றால், ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேதோ 1912-ல் கட்டிய செஸ் கருவியைச் சொல்லலாம். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக வந்து விளையாடியது என்றால் 1940-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்த நிமட்ரான். நிம் என்ற ஆட்டத்தை ஆடும் மெஷின், அந்த ஆட்டத்தைப் பின்னால் சொல்கிறேன். அது ரிலேக்களால், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளால், ஓடியது. வால்வுகளால் (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) ஓடும் எலக்ட்ரானிக் மெஷின் என்றால் 1950-ல் டொராண்டோவில் வைத்த 'பெர்ட்டி'. ஏற்கெனவே வேறு வேலைக்காக இருந்த ஒரு கம்ப்யூட்டரில் எழுதப்பட்ட புரோகிராம் என்றால் 1951, 1952-க்கு வர வேண்டும்.

ஒரே பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்டால் டோரஸ் கெவேதோவின் பெயரைச் சொல்வேன். காரணம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

அதுக்கும் முன்னாடியே, 1770-லயே ஒரு துருக்கி பொம்மை செஸ் ஆடுச்சாமே? நெப்போலியனையே ஜெயிச்சுதாமே?

ஆடியது உண்மை, நெப்போலியனும், பின்னாளில் கணக்குப் போடும் மெஷின்களை வடிவமைத்த சார்லஸ் பாபேஜும் அதனிடம் தோற்றது உண்மை. பொம்மை யோசித்தது மட்டும் உண்மை இல்லை. வோல்ஃப்காங் வான் கெம்பலன் என்பவர் வியன்னாவில் மகாராணி மரியா தெரசாவுக்குக் காட்டுவதற்காகச் செய்தது அது. பெரிய மரப்பெட்டி, அதன்மேல் செஸ் பலகை, பின்னால் தலைப்பாகை கட்டிய பொம்மை. ஆட்டத்துக்கு முன் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பல்சக்கரங்களைக் காட்டுவார்கள். ஒரு கதவு திறக்கும்போது உள்ளே இருக்கும் ஆள் நகர்ந்து அடுத்த பக்கம் போய்விடுவார். ஆமாம், உள்ளே நன்றாகச் செஸ் தெரிந்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்.

ஊர் ஊராகச் சுற்றி, செய்து எண்பது வருடத்துக்கு மேல் ஆனபின் 1854-ல் பிலடெல்பியாவில் தீயில் எரிந்து போனது. இது மோசடிதான். ஆனாலும் இந்தக் கதையை நான் விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் 'உள்ளே ஆள் இருக்கிறாரா?' என்ற சந்தேகம் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மெஷின்மேலும் விழுந்தது. அந்தச் சந்தேகம் நல்லது. மெஷின் ஜெயித்தால் 'எப்படி?' என்று கேட்காமல் யாரும் நகரக் கூடாது.

அப்போ அந்த ஸ்பெயின் மெஷின் மட்டும் நிஜமா? 1912-ல கம்ப்யூட்டரே இல்லையே?

நிஜம். 1914-ல் பாரிஸில் காட்டினார்கள். முழு செஸ் ஆடவில்லை, அதன் கடைசிக் கட்டத்தை மட்டும் ஆடியது. மெஷினிடம் வெள்ளை ராஜாவும் ஒரு யானையும் இருக்கும் (கோட்டை என்று பழகியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்). மனிதரிடம் கறுப்பு ராஜா மட்டும். செஸ் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இந்த நிலையில் வெள்ளை எப்படியும் ஜெயித்துவிடலாம். அந்த 'எப்படியும்' என்பதைத்தான் டோரஸ் கெவேதோ மின்சாரச் சுற்றாக மாற்றினார்.

யானை ஒரு வரிசையில் நின்றால் எதிரி ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. கறுப்பு ராஜா யானையைத் துரத்தி வந்தால் யானை பலகையின் மறுபக்கம் ஓடிவிடும். தூரமாக இருந்தால் யானை ஒரு வரிசை கீழே இறங்கும். அதற்கு நேரம் வரவில்லை என்றால் வெள்ளை ராஜா நெருங்கி வரும். இப்படிச் சில விதிகள்தான். கறுப்பு ராஜா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை மின்தொடர்பு சொல்லும், அதற்கேற்ற விதி இயங்கும். நாம் தப்பான கட்டத்துக்கு நகர்த்தினால் விளக்கு எரியும். மூன்றாவது தடவையும் தப்பாக ஆடினால் மெஷின் ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளும்!

அது மிகச் சிறந்த வழியில் ஆடவில்லை. திறமையான ஆள் பதினைந்து பதினாறு நகர்த்தலுக்குள் முடிப்பதை அது ஐம்பதுக்கு மேலும் இழுக்கும். ஆனாலும் ஜெயிக்காமல் விடாது. 1920-ல் அவர் மகன் கொன்சாலோவின் துணையோடு இன்னொன்று செய்தார். அதில் பலகைக்கு அடியில் இருந்த காந்தம் காய்களை இழுத்து நகர்த்தியது. 1951-ல் பாரிஸில் அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர் அதோடு விளையாடியிருக்கிறார். நயாகரா ஆற்றின் சுழலுக்கு மேலே இன்றும் ஓடும் கம்பிவட வண்டியை வடிவமைத்தவரும் இதே மனிதர்தான். இவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

நிம் ஆட்டம்னா என்ன? புளியங்கொட்டை வச்சு எப்படி எங்களை ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறீங்க?

என் மேஜையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். சில குவியல்களாகப் புளியங்கொட்டை வைக்கிறோம். இருவர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு தடவையில் ஒரே ஒரு குவியலிலிருந்துதான் எடுக்கலாம், ஆனால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தவர். அவ்வளவுதான். 1901-ல் ஹார்வர்டின் சார்லஸ் பூட்டன் இந்த ஆட்டத்தின் முழு ரகசியத்தையும் எழுதிவிட்டார்.

ரகசியம் இது. ஒவ்வொரு குவியலையும் மனதுக்குள் நாலு, இரண்டு, ஒன்று என்று உடைத்துப் பாருங்கள். 3, 4, 5 என்று மூன்று குவியல் என்று வைப்போம். மூன்று என்பது இரண்டும் ஒன்றும். நாலு என்பது நாலேதான். ஐந்து என்பது நாலும் ஒன்றும். இப்போது ஜோடி சேருங்கள். நாலுக்கு நாலு ஜோடி இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று ஜோடி இருக்கிறது. இரண்டு மட்டும் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கிறது. அதை எடுத்துவிட வேண்டும்: மூன்று உள்ள குவியலிலிருந்து இரண்டு கொட்டை. மீதி 1, 4, 5. எல்லாம் ஜோடி.

இனி எதிராளி என்ன எடுத்தாலும் ஏதாவது ஒரு ஜோடி உடையும், உடைக்காமல் எடுக்கவே முடியாது. அவர் ஐந்திலிருந்து மூன்று எடுத்தார் என்றால் 1, 4, 2 இருக்கும், எல்லாமே தனித்தனி. நான் நாலிலிருந்து ஒன்று எடுத்தால் 1, 3, 2 ஆகும். மூன்றை உடைத்தால் இரண்டும் ஒன்றும், ஆக மறுபடி எல்லாம் ஜோடி. இப்படியே போனால் கடைசியில் 'எல்லாம் ஜோடி' என்பது 'மேஜையில் ஒன்றுமே இல்லை' என்ற நிலைக்கு வரும். அந்த நிலையை உண்டாக்குவது நான்தான், அதாவது கடைசிக் கொட்டை என்னுடையது.

இதில் மெஷினுக்கு ஏன் இவ்வளவு பொருத்தம்? நாலு, இரண்டு, ஒன்று என்று உடைப்பது கம்ப்யூட்டர் எண்களை எழுதும் இரட்டை எண் முறையேதான். ஜோடி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு ரிலே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுபோல. யோசிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, ஜோடி பார்த்தால் போதும்.

அப்போ முதல்ல ஆடுறவங்கதான் ஜெயிப்பாங்களா? மெஷினைத் தோற்கடிக்கவே முடியாதா?

முதலில் ஆடுபவர் என்று இல்லை. தொடக்கத்திலேயே எல்லாம் ஜோடியாக இருந்தால் (1, 4, 5 மாதிரி) முதலில் ஆடுபவர் மாட்டிக்கொண்டார். ஜோடி இல்லாமல் ஏதாவது இருந்தால் முதலில் ஆடுபவருக்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு தடவைகூட வழுக்கக் கூடாது.

நிமட்ரானை வடிவமைத்த எட்வர்ட் காண்டன் இதைச் சரியாகப் பயன்படுத்தினார். அவர் இயற்பியலாளர், அப்போது வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் இருந்தார். விளக்குகளை நாலு வரிசையாக வைத்து, எரியும் விளக்குகளை அணைப்பதுதான் 'எடுப்பது'. முதலில் ஆடுவது மனிதர், தொடக்க நிலையும் மனிதர் ஜெயிக்கக்கூடியதுதான். மெஷின் தோற்கக்கூடிய இடத்திலிருந்துதான் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கியது. ஜெயித்தவர்களுக்கு ஒரு வில்லை பரிசு. அப்படியும் சுமார் ஒரு லட்சம் ஆட்டத்தில் சுமார் 90,000 மெஷினுக்கே போனது. தோற்ற ஆட்டங்களிலும் பெரும்பாலானவை, தோற்கடிக்க முடியும் என்று காட்டுவதற்காக அங்கிருந்த பணியாளர்கள் ஆடிக் காட்டியவை என்று சொல்வார்கள். ரிலேக்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிட்டதால் மெஷின் சற்று 'யோசிக்கிற' மாதிரி வேண்டுமென்றே தாமதம் வைத்தார்கள். எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று ஒரு பொறியாளர் நினைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

லண்டன்ல 'நிம்ரோடு'ன்னு ஒண்ணு இருந்துச்சாமே? ஒரு சின்ன ஆட்டத்துக்கு அவ்ளோ பெரிய பெட்டி எதுக்கு?

1951-ல் பிரிட்டன் விழாவை ஒட்டி லண்டன் சவுத் கென்சிங்டனில் நடந்த அறிவியல் கண்காட்சியில் ஃபெரன்டி நிறுவனம் வைத்தது நிம்ரோடு. யோசனை ஜான் பென்னெட் என்ற ஆஸ்திரேலியருடையது. நிமட்ரானைப் பற்றித் தெரிந்ததால் வந்த யோசனை. மெஷின் பன்னிரண்டு அடி அகலம். ஆனால் உண்மையான கணக்குப் போடும் பகுதி அந்த இடத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. மற்றதெல்லாம் பார்வையாளர்களுக்கான விளக்குகள். மெஷின் இந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு படியாகக் காட்டுவதற்கு வைத்தவை.

ஃபெரன்டியின் நோக்கம் நிம் விற்பது இல்லை, கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று மக்களுக்குப் புரியவைப்பது. மக்கள் என்ன செய்தார்கள்? கணக்கை விட்டுவிட்டு விளையாட வரிசையில் நின்றார்கள். அதே வருடம் அக்டோபரில் பெர்லினுக்குக் கொண்டுபோனபோது ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட் விளையாடித் தோற்றார். அதே கூடத்தின் மறு கோடியில் இலவசமாகப் பானம் கொடுத்த கவுண்டரைக்கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று பென்னெட் பின்னாளில் சொன்னார்.

எக்ஸ்-ஓ ஆட்டத்தை மெஷின் எப்ப ஆட ஆரம்பிச்சுது? அதுல யாருமே ஜெயிக்க முடியாதே, எதுக்கு?

இருவரும் தவறே செய்யாமல் ஆடினால் ஒன்பது கட்ட எக்ஸ்-ஓ டிராவில்தான் முடியும். ஆனால் கண்காட்சிக்கு வருபவர்கள் தவறு செய்யாமலா இருப்பார்கள்? 1950-ல் கனடா தேசியக் கண்காட்சியில் ஜோசஃப் கேட்ஸ் நாலு மீட்டர் உயரத்தில் ஒரு மெஷினை நிறுத்தினார். பெயர் 'பெர்ட்டி தி பிரெயின்'. ஒன்பது பொத்தானில் ஒன்றை அழுத்தினால் மேலே பெரிய பலகையில் விளக்கு எரியும். கேட்ஸ் உண்மையில் காட்ட விரும்பியது தான் கண்டுபிடித்த 'அடிட்ரான்' என்ற சிறிய வால்வைத்தான். கஷ்ட அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வசதி இருந்தது. நகைச்சுவை நடிகர் டேனி கே பல தடவை தோற்றபின் ஒரு தடவை ஜெயித்தார், அந்தச் சந்தோஷத்தை லைஃப் பத்திரிகை படம் பிடித்தது. கண்காட்சி முடிந்ததும் மெஷினைப் பிரித்துவிட்டார்கள்.

1952-ல் கேம்பிரிட்ஜில் சாண்டி டக்ளஸ் எட்சாக் கம்ப்யூட்டரில் எழுதிய எக்ஸ்-ஓ புரோகிராம் வேறு வகை. எட்சாக் ஆராய்ச்சிக் கணக்குகளுக்காக இருந்த மெஷின். அதன் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று காட்ட, அகலத்தில் 35, உயரத்தில் 16 புள்ளி கொண்ட சின்னத் திரை இருந்தது. டக்ளஸ் அதில் கட்டத்தை வரைந்தார். எந்தக் கட்டம் என்று சொல்ல டெலிபோன் டயல்! ஐந்தாவது கட்டம் வேண்டுமென்றால் 5-ஐச் சுழற்ற வேண்டும். அவருடைய ஆய்வேடு மனிதரும் கம்ப்யூட்டரும் எப்படி உறவாடுவது என்பதைப் பற்றியது, அதற்கு உதாரணமாகத்தான் இதை எழுதினார்.

கோடிக்கணக்குல செலவு பண்ணி கட்டின கம்ப்யூட்டரை விளையாட்டுக்கு விடறது வீண் இல்லையா?

அப்பாக்கள் கேட்கும் கேள்வி. வீண் இல்லை. ஒரு புரோகிராம் சரியாக யோசிக்கிறதா என்று சோதிக்க, விதிகள் தெளிவாகவும் முடிவு சந்தேகம் இல்லாமலும் இருக்கும் ஒரு வேலை வேண்டும். விளையாட்டு அப்படிப்பட்டது. வானிலையைக் கணித்தால் அது சரியா என்று சண்டை போடலாம். செக்மேட் ஆனதா இல்லையா என்பதில் சண்டை இல்லை. அடுத்த சில கேள்விகளைப் படித்தால், 'மெஷின் கற்றுக்கொள்ளும்' என்ற யோசனையே இந்த விளையாட்டுகளில்தான் நிரூபணம் ஆனது என்பது தெரியும்.

இந்தத் தீப்பெட்டிங்க எப்படி எக்ஸ்-ஓ ஆடும்? நிஜமாவே கத்துக்குமா?

இது என் சொந்த யோசனை இல்லை. 1961-ல் டொனால்ட் மிச்சி செய்தது. போர்க்காலத்தில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில், கம்ப்யூட்டர் அறிவியலின் முன்னோடி ஆலன் டியூரிங்கோடு வேலை பார்த்தவர். மெஷின் தானாகக் கற்றுக்கொள்ளாது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார், மிச்சியிடமோ கம்ப்யூட்டர் இல்லை. தீப்பெட்டி இருந்தது. 304 தீப்பெட்டி சேர்த்து 'மெனஸ்' என்று பெயர் வைத்தார்.

எப்போதும் மெஷின்தான் முதலில் ஆடும். அதன் முறை வரும்போது பலகை எப்படியெல்லாம் இருக்கலாமோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. திருப்பிப் பார்த்தால், கண்ணாடியில் பார்த்தால் ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அப்படிச் சேர்த்தபின் மெஷினின் முதல் முறைக்கு 1 பெட்டி, இரண்டாவதுக்கு 12, மூன்றாவதுக்கு 108, நாலாவதுக்கு 183. மொத்தம் 304. கடைசிக் கட்டத்துக்குத் தேர்வே இல்லாததால் பெட்டி தேவையில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பல நிறப் பாசிமணி, ஒரு நிறம் ஒரு கட்டத்தைக் குறிக்கும். பெட்டியைக் குலுக்கினால் முன்னால் வைத்த 'வி' வடிவ அட்டை மூலையில் ஒரு மணி வந்து நிற்கும். அந்த நிறத்துக்குரிய கட்டத்தில் மெஷின் ஆடியதாக வைத்துக்கொள்வோம்.

ஆட்டம் முடிந்ததும்தான் முக்கியமான வேலை. மெஷின் தோற்றால் அது ஆடிய மணிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும், அந்தப் பெட்டிகளில் அந்த நிறம் ஒன்று குறையும். டிரா ஆனால் எடுத்த மணியைத் திருப்பிப் போட்டு, அதே நிறத்தில் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும். ஜெயித்தால் மூன்று கூடுதல். இவ்வளவுதான். தோல்விக்குக் கூட்டிப்போன வழிகள் மெலிந்து போகும், நல்ல வழிகள் தடிக்கும். மிச்சி முதலில் 220 ஆட்டம் ஆடினார், போகப் போக அவர் பாடு கஷ்டமாகிக்கொண்டே வந்தது. என் மேஜையில் முழு 304-ஐக் காட்ட இடம் போதாது. கடைசிக் கேள்வியில் இருக்கும் சின்ன ஆட்டத்தைத்தான் காட்டுகிறேன்.

தீப்பெட்டிக்கு மூளை இல்லையே. பசங்க சோப்பளாங்கி மாதிரி ஆடினா அதுவும் அப்படித்தானே கத்துக்கும்?

இதைக் கேட்டது ஆறாம் வகுப்புப் பெண். அருமையான கேள்வி. பதில்: ஆமாம். மோசமாக ஆடுபவரோடு மட்டும் பழகிய தீப்பெட்டிகள், அவரை எப்படி மடக்குவது என்று கற்றுக்கொள்ளும். நன்றாக ஆடுபவர் வந்து உட்கார்ந்தால் திணறும். எதிராளி யார் என்பதைப் பொறுத்துத்தான் அதன் படிப்பு. நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

மூளை இல்லாமல் கற்றல் எப்படி என்றால், ஒரு நிலையில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற கணக்கு எங்கேயோ சேர்ந்துகொண்டே வந்தால் போதும். தீப்பெட்டியில் அந்தக் கணக்கு பாசிமணியாக இருக்கிறது. நிம் மெஷின் இதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு ஜோடிக் கணக்கை மனிதர் சொல்லிக்கொடுத்துவிட்டார், அது முதல் ஆட்டத்திலும் லட்சமாவது ஆட்டத்திலும் ஒரே மாதிரிதான் ஆடும்.

டிராஃப்ட்ஸ், செக்கர்ஸ்னு சொல்றாங்களே, அதுல என்ன விசேஷம்?

இரண்டும் ஒரே ஆட்டம்தான், செஸ் பலகையில் எதிரியின் காயைத் தாண்டி வெட்டுவது; இங்கிலாந்தில் டிராஃப்ட்ஸ், அமெரிக்காவில் செக்கர்ஸ். இதில் எக்ஸ்-ஓவைப் போல எல்லா நிலைக்கும் பெட்டி வைக்க முடியாது, நிம்மைப் போல சுலபமான விதியும் கிடையாது. சாத்தியமான நிலைகள் மட்டும் 5-க்குப் பின் இருபது பூஜ்ஜியம். ஆகவே மெஷின் சில நகர்த்தல் முன்னால் பார்த்து, எது தேவலை என்று எடை போட வேண்டும்.

கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். விடுமுறையில் உட்கார்ந்து டிராஃப்ட்ஸ் புரோகிராம் எழுதினார். 1951-ல் முதல் முயற்சி நினைவகம் போதாமல் நின்றது. 1952-ல் மான்செஸ்டரின் ஃபெரன்டி மெஷினில் முழு ஆட்டம் ஆடியது. எதிராளி இழுத்தடித்தால் பொறுமை இழந்த மாதிரி வாக்கியம் அச்சடிக்கும். அடுத்து அமெரிக்காவில் ஐபிஎம்மின் ஆர்தர் சாமுவேல். இவருடைய செக்கர்ஸ் புரோகிராம் தன்னோடு தானே ஆடி, எடை போடும் அளவுகோலைத் தானே திருத்திக்கொண்டது. 1956-ல் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 1959-ல் அவர் எழுதிய கட்டுரையால்தான் 'மெஷின் லேர்னிங்' என்ற பெயர் பரவியது. 1962-ல் ராபர்ட் நீலி என்ற நல்ல ஆட்டக்காரரை ஒரு ஆட்டத்தில் ஜெயித்ததும், செக்கர்ஸ் முடிந்த கதை என்று பேச்சு கிளம்பியது. அது மிகை. 1966-ல் வால்டர் ஹெல்மன், டெரெக் ஓல்ட்பரி என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களிடம் எட்டு ஆட்டத்திலும் தோற்றது. செக்கர்ஸை முழுதாக அளந்து, தவறில்லாமல் ஆடினால் டிராதான் என்று ஜொனாதன் ஷேஃபர் குழு நிரூபித்தது 2007-ல்தான்.

செஸ்ல முதல்ல கம்ப்யூட்டர்கிட்ட தோத்த ஆள் யாரு?

1997-ல் காஸ்பரோவ் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உலக சாம்பியன் ஒரு முழு மேட்சில் தோற்றது. முதல் தோல்வி ரொம்ப முன்னாடி. 1956-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மேனியாக் என்ற கம்ப்யூட்டரில் ஒரு குழு செஸ் எழுதியது. மெஷினின் வேகம் போதாததால் பலகையை ஆறுக்கு ஆறாகச் சுருக்கி, பிஷப்பையே எடுத்துவிட்டார்கள். அப்படியும் ஒரு நகர்த்தலுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ராணி இல்லாமல் ஆடிய திறமைசாலியிடம் மெஷின் தோற்றது. ஒரு வாரம் முன்புதான் செஸ் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணிடம் 23 நகர்த்தலில் ஜெயித்தது. செஸ் போன்ற ஆட்டத்தில் மனிதர் புரோகிராமிடம் தோற்றது அதுவே முதல் தடவை.

இதற்கும் முன்னால் ஆலன் டியூரிங், புரோகிராம் எழுதி, ஓட்ட மெஷின் இல்லாமல், 1952-ல் தானே காகிதத்தில் மெஷினாக உட்கார்ந்து ஆடினார். தன் சொந்தப் புத்தியைக் கலக்காமல், எழுதிய விதிகள் சொன்னதை மட்டும் செய்தார். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம். 29-வது நகர்த்தலில் கம்ப்யூட்டர் துறை நண்பர் அலிக் கிளெனியிடம் தோற்றார். துருக்கி பொம்மையில் மெஷின் போர்வையில் மனிதர் யோசித்தார். இங்கே மனிதர் ஒருவர் யோசிக்காமல் மெஷினாக இருந்தார்.

'ஒத்தையா ரெட்டையா' மாதிரி ஆட்டத்துல மெஷின் என்ன பண்ணும்? அது வெறும் குருட்டு அதிர்ஷ்டம்தானே?

கையை மூடிக்கொண்டு கேட்பதில் மெஷின் தோற்கும் என்றுதான் தோன்றும். 1953 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டேவிட் ஹேகல்பார்கர் இதே வகையில் ஒரு மெஷின் செய்தார். மனிதர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மெஷின் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். அது ஆயிரக்கணக்கான ஆட்டத்தில் பாதிக்கு மேல் சரியாக ஊகித்தது. அதே ஆய்வகத்தின் கணிதவியலாளர் கிளாட் ஷானன் அதைவிட எளிமையாக இன்னொன்று செய்தார். இரண்டையும் நடுவர் மெஷின் வைத்து மோதவிட்டபோது ஷானனுடையது ஜெயித்தது.

சூட்சுமம் நம்மிடம்தான். மனிதருக்குத் தாறுமாறாகத் தேர்ந்தெடுக்க வராது. ஜெயித்தால் அதையே திரும்பச் செய்வோம், இரண்டு தடவை தோற்றால் மாற்றுவோம். மெஷின் அதைத்தான் குறித்து வைத்துக்கொள்கிறது: போன தடவை இந்த நிலைமையில் இவர் மாற்றினாரா, மாற்றவில்லையா? தப்பிக்க வழி உண்டு. மேஜைக்கு அடியில் நாணயம் சுண்டி, பூவோ தலையோ விழுந்தபடி ஆடுங்கள். மெஷினுக்குப் பாதிதான் கிடைக்கும்.

தாயம், பரமபதம், பல்லாங்குழி எல்லாம் மெஷின் ஆடுமா?

பரமபதத்தில் தாயக்கட்டை சொன்னபடி நகர்வதுதான், நாம் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. ஆகவே மெஷினுக்கும் அங்கே வேலை இல்லை. தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்ற தேர்வு இருக்கிறது, அதனால் ஆடலாம். பகடை உருட்டும் பேக்கேமன் ஆட்டத்தில் ஹான்ஸ் பெர்லினரின் புரோகிராம் 1979-ல் மான்டே கார்லோவில் உலக சாம்பியன் லூயிஜி வில்லாவை 7-1 என்று ஜெயித்தது. பகடை தன் பக்கம் நன்றாக விழுந்தது என்று பெர்லினரே ஒத்துக்கொண்டார்.

பல்லாங்குழியில் பகடை கிடையாது, எல்லாக் குழியும் கண்ணுக்குத் தெரியும். மெஷினுக்கு வசதியான ஆட்டம். அதன் மேற்கு ஆப்பிரிக்க உறவினரான அவாரியை 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் இருவர் முழுதாக அளந்துவிட்டார்கள். இருவரும் தவறில்லாமல் ஆடினால் அதுவும் டிராதான்.

முதல் வீடியோ கேம் இதுல எது?

திரை வேண்டும் என்றால் டக்ளஸின் எக்ஸ்-ஓ. நிம்ரோடும் பெர்ட்டியும் வெறும் விளக்குகள். 1958-ல் வில்லியம் ஹிகின்பாதம் ஆசிலோஸ்கோப்பில் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) காட்டிய டென்னிஸையும் சொல்வார்கள். அதில் ஆடியது இரண்டு மனிதர்கள், மெஷின் பந்தை மட்டும் காட்டியது. அதனால் இந்தப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

வீட்டுல நாங்களே ஒண்ணு செஞ்சு பார்க்கணும். எதுல ஆரம்பிக்கறது?

304 பெட்டியில் ஆரம்பிக்க வேண்டாம், பாதியில் விட்டுவிடுவீர்கள். 1962-ல் மார்ட்டின் கார்ட்னர் ஒரு குட்டி ஆட்டம் கொடுத்தார், ஹெக்ஸாபான். மூன்றுக்கு மூன்று பலகை, ஆளுக்கு மூன்று சிப்பாய், எதிரெதிர் வரிசையில். செஸ் சிப்பாய் மாதிரி நேராக ஒரு கட்டம் போகலாம், குறுக்காக வெட்டலாம். எதிர்க் கரையை அடைந்தாலோ, எதிரியின் எல்லாக் காயையும் வெட்டினாலோ, எதிராளி நகர முடியாமல் நின்றாலோ வெற்றி. மனிதர் முதலில், தீப்பெட்டி இரண்டாவது. 24 பெட்டி போதும்.

ஒவ்வொரு பெட்டிமேலும் பலகையின் படத்தை வரைந்து, போகக்கூடிய வழிகளை நிறநிறமாக அம்புக்குறி போட்டு, அதே நிறத்தில் ஒவ்வொரு மணி உள்ளே போடுங்கள். தோற்றால் அது கடைசியாக ஆடிய மணியை மட்டும் எடுத்துவிடுங்கள். பெட்டி காலியாக இருந்தால் அது தோல்வியை ஒப்புக்கொண்டதாக வைத்து, அதற்கு முந்தைய பெட்டியின் மணியை எடுங்கள். இந்த ஆட்டத்தில் சரியாக ஆடினால் இரண்டாவது ஆள்தான் ஜெயிப்பார். ஆகவே சில டஜன் ஆட்டத்துக்குள் தீப்பெட்டிகளிடம் நீங்கள் தோற்க ஆரம்பித்துவிடுவீர்கள். மணி எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும், எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தடவி எடுத்துவிடுகிறார்கள்.